பட்டியலில் இருப்பவரும் சான்று கொண்டுவருபவரும்

தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டை ஏற்கும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வரவேற்பறை ஓரத்தில் அதற்கென ஒரு மேசை இருக்கும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "கார்டு இருக்கா?" அந்தக் கார்டுக்கு ஊரில் பல பெயர்கள். 2009-இல் எடுத்தவர்கள் இன்னும் கலைஞர் காப்பீடு என்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது அம்மா காப்பீடு அல்லது முதலமைச்சர் காப்பீடு. 2018-க்குப் பிறகு ஆயுஷ்மான் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. படுக்கையில் கிடப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். அதே மேசை, அதே அலுவலர், குடும்பத்துக்கு ஆண்டுக்கு அதே 5 லட்சம் ரூபாய். ஆனால் கார்டு கைக்கு வந்த வழி இரண்டு. சிலர் மத்திய அரசின் பட்டியலில் பெயர் இருந்ததால் உள்ளே வந்தவர்கள். மற்றவர்கள் மாநில அரசிடம் வருமானச் சான்றைக் காட்டி உள்ளே வந்தவர்கள். காப்பீட்டில் என்னென்ன சிகிச்சை உண்டு, எந்த மருத்துவமனை மேற்கொண்டு பணம் கேட்கிறது என்ற பேச்சு நிறையவே நடக்கிறது. வாசலில் யாரை விடுவது, எதைப் பார்த்து விடுவது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இந்த ஒப்பீடு அதைப் பற்றியது மட்டும்.

மாநிலத்தின் வழி முந்தியது. ஆந்திரத்தில் ராஜசேகர ரெட்டி அரசு 2007-இல் ஆரோக்கியஸ்ரீயைத் தொடங்கியபோது தகுதியை அளக்கத் தனியாக ஏதும் செய்யவில்லை. வெள்ளை ரேஷன் அட்டை இருந்தால் போதும் என்று விட்டது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கருணாநிதி அரசு கொண்டுவந்த உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வேறு அளவுகோலை எடுத்தது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அல்லது 26 நலவாரியங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். 2012 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வைத்தது. திட்டத்தின் பெயர் மாறியது, காப்பீட்டு நிறுவனம் மாறியது, சிகிச்சைகளின் எண்ணிக்கை கூடியது. 72,000 மட்டும் மாறவில்லை. ஸ்டாலின் அரசு 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டுக் கட்டத்தில்தான் அது 1,20,000 ஆனது. நடுவில் இரு கட்சிகளும் ஆண்டாயிற்று. அரிசி விலை, பஸ் கட்டணம், கொத்தனார் கூலி எல்லாம் ஏறியாயிற்று. ஏழை யார் என்பதற்கான கோடு மட்டும் பன்னிரண்டு ஆண்டுகள் போட்ட இடத்திலேயே கிடந்தது.

மத்திய அரசு 2008-இல் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்ற சிறிய திட்டத்தை நடத்திப் பார்த்தது. ஆண்டுக்கு 30,000 ரூபாய், குடும்பத்துக்கு ஐந்து பேர், அவ்வளவுதான். பத்தாண்டு கழித்து, 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமர் தொடங்கிவைத்த, ஆயுஷ்மான் என்று அழைக்கப்படும் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் அந்தத் தொகையை 5 லட்சமாக்கியது. ஐந்து பேர் என்ற வரம்பை எடுத்துவிட்டது. வயது வரம்பும் இல்லை. தமிழ்நாடு அன்றே இதைத் தன் திட்டத்தோடு இணைத்துக்கொண்டது. அதனால்தான் ஒரே மேசை. நாடு முழுக்க 10.74 கோடி குடும்பங்கள் இதற்குத் தகுதியுள்ளவை என்றது மத்திய அரசு. இந்தக் குடும்பங்கள் விண்ணப்பித்தவை அல்ல. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பில் வீடு வீடாகக் குறித்த விவரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

பட்டியல் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிராமத்தில் ஏழு குறைபாடுகளைக் கணக்கெடுப்பு குறித்துவைத்திருந்தது. திட்டம் அவற்றில் ஆறை எடுத்துக்கொண்டது. மண்சுவரும் கூரையுமாக ஒரே அறை உள்ள வீடு. 16 வயது முதல் 59 வயது வரை யாருமே இல்லாத வீடு. பெண் தலைமையில் இயங்கி, அந்த வயதில் ஆண் இல்லாத வீடு. மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்து, உழைக்கும் உடல்நிலையில் வேறு பெரியவர் இல்லாத வீடு. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பம். நிலமில்லாமல் உடலுழைப்புக் கூலியையே பெரிதும் நம்பிய குடும்பம். இவற்றில் ஒன்று பொருந்தினால் போதும். விடப்பட்ட ஏழாவது குறைபாடு, 25 வயதுக்கு மேல் எழுதப்படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத குடும்பம். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆளில்லாத வீட்டைவிட மருத்துவக் காப்பீடு தேவைப்படும் வீடு எது என்று எனக்குத் தெரியவில்லை. இவை தவிர, ஒதுங்க இடமில்லாதவர், பிச்சை எடுத்துப் பிழைப்பவர், மனிதக் கழிவை அள்ளும் தொழிலில் இருந்தவர், மிகவும் பின்தங்கிய பழங்குடியினர், கொத்தடிமையிலிருந்து சட்டப்படி மீட்கப்பட்டவர் ஆகியோர் கேள்வியின்றிச் சேர்க்கப்பட்டார்கள்.

நகரத்துக்கு வந்தால் அளவுகோல் வீட்டைவிட்டுத் தொழிலுக்குத் தாவிவிடுகிறது. குப்பை பொறுக்குபவர், வீட்டு வேலை செய்பவர், தெருவோர வியாபாரி, கட்டடத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், வீட்டிலிருந்தே கைத்தொழில் செய்பவர், ஓட்டுநர், கடைச் சிப்பந்தி, மெக்கானிக், சலவைத் தொழிலாளி, காவலாளி போன்றோர் அடங்கிய பதினோரு வகைகள். ஆலைத் தொழிலாளி என்று தனி வகை கிடையாது. அவருக்குத் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ இருக்கும் என்று பட்டியல் போட்டவர்கள் நினைத்திருக்கலாம். திருப்பூரிலும் சிவகாசியிலும் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்களில் எத்தனை பேரிடம் அந்தக் கார்டு இருக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

குறைபாட்டைத் தேடுவதற்கு முன்பே ஒரு சல்லடை உண்டு. கிராமத்து வீட்டில் பதிவு எண்ணுள்ள மோட்டார் வாகனமோ மோட்டார் படகோ இருந்தால், அது வெறும் இருசக்கர வண்டியாக இருந்தாலும், கணக்கெடுப்பின் பார்வையில் அந்த வீடு ஏழை வீடு கிடையாது. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இல்லை. தரைவழித் தொலைபேசி இருந்தால் இல்லை. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் கடன் வரம்புள்ள கிசான் அட்டை இருந்தால் இல்லை. வீட்டில் யாராவது ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் இல்லை. தில்லியில் உட்கார்ந்து யோசிக்கும்போது இருசக்கர வண்டி வசதியின் அடையாளமாகத் தோன்றியிருக்கும். நம் பக்கம் கீரைக்கட்டையும் மீன் கூடையையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பும் பழைய டிவிஎஸ் ஃபிப்டி, பிழைப்புக்கான கருவி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்த வண்டி, பத்தாண்டு கழித்து வந்த இதய அறுவை சிகிச்சைக்கான தகுதியை ஒரு குடும்பத்திடமிருந்து பறிக்கக்கூடும் என்று வாங்கும்போது யாருக்குத் தெரியும்?

இந்த முறையிலும் ஒரு கண்ணியம் உண்டு, அதை மறுக்க முடியாது. பட்டியல் யாரையும் வரிசையில் நிற்க வைப்பதில்லை. நான் ஏழை என்று யாரிடமும் சொல்லி நிரூபிக்கச் சொல்வதில்லை. பெயர் இருந்தால் இருக்கிறது; ஆதாரையும் குடும்ப அட்டையையும் காட்டினால் மருத்துவமனையிலேயே கார்டு தயாராகிவிடும். அதிகாரியின் தயவு தேவையில்லை. தலித் குடும்பங்களையும் பழங்குடிக் குடும்பங்களையும் அந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளே கொண்டுவந்தது பட்டியல்தான். வருமானச் சான்று முறை அவர்களையும் அலுவலக வாசலுக்கு அனுப்புகிறது.

ஆனால் பட்டியலுக்கு ஒரே ஒரு தேதிதான் தெரியும். 2011-இல் கூரை வீடு, 2016-இல் பசுமை வீடு என்றால் இன்றும் அது ஏழை வீடு. 2011-இல் சொந்தத் தறி ஓட்டியவர் 2019-இல் தறியை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தால் அவர் இன்றும் வசதியானவர். அந்தக் கணக்கெடுப்பின் கிராமப்புற முடிவுகள் வெளிவந்ததே 2015-இல். அதை 2018-இல் எடுத்துத் திட்டத்துக்கு அடிப்படையாக வைத்தபோதே தகவலுக்கு ஏழு வயது. பின்னர் மக்கள்தொகை வளர்ச்சியைக் கணக்கிட்டுத் தகுதியுள்ள குடும்பங்களின் எண்ணிக்கையை 12 கோடியாக உயர்த்தினார்கள். எண்ணிக்கை உயர்ந்ததே தவிர, நொடித்துப்போனவர் தானாக வந்து கதவைத் தட்ட வழி பிறக்கவில்லை. பட்டியலில் உள்ள குடும்பத்தில் பிறந்த குழந்தையைச் சேர்க்கலாம், கல்யாணமாகி வந்த மருமகளைச் சேர்க்கலாம். பட்டியலில் இல்லாத குடும்பம் எதைச் செய்தும் உள்ளே வர முடியாது.

சான்று முறை இதற்கு நேர்மாறு. அதற்குப் பழைய கணக்கு எதுவும் வேண்டாம். இன்றைக்கு உங்கள் நிலை என்ன என்று மட்டும் கேட்கும். குடும்ப அட்டை, ஆதார், விஏஓவோ வருவாய்த் துறையோ கொடுத்த வருமானச் சான்று. இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்துவிடுவார்கள். ஆண்டின் எந்த நாளிலும் போகலாம். நம் ஜனங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் கார்டு எடுக்க ஓடுகிறார்கள் என்பதால் இது சிறிய வசதி இல்லை. நேற்று வேலை போனவர், போன மாதம் கணவரை இழந்தவர், கொரோனாவில் கடையை மூடியவர் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் சான்று முறையின் ஆகப் பெரிய பலம் இதுதான்.

பலவீனம் சான்றிலேயே இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குபவரின் வருமானத்தைக் காகிதத்தில் பார்க்கலாம். கூலிக்காரரின் வருமானத்தை யார் பார்த்தார்கள்? நாளுக்கு 800 ரூபாய் வாங்கும் கொத்தனார் மாதத்தில் இருபது நாள் வேலைக்குப் போனால் 16,000, ஆண்டுக்கு 1,92,000. உண்மையை எழுதினால் அவர் வரம்புக்கு வெளியே. அவர் மனைவி சித்தாள் வேலைக்குப் போனால் இன்னும் வெளியே. மழைக்காலத்தில் வேலை இல்லாததையும், இடுப்பு வலியில் படுத்த நாட்களையும், மேஸ்திரி பாக்கி வைத்ததையும் கழித்து ஒரு தொகையை எட்டலாம். ஆனால் அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. வரம்பு 72,000 என்றால் சான்றில் 72,000, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே. வரம்பு உயர்ந்தால் சான்றும் உயரும். இது ஊரறிந்த ரகசியம். விஏஓவுக்கும் தெரியும், தாசில்தாருக்கும் தெரியும், திட்டம் போட்டவர்களுக்கும் தெரியும். பெரும்பாலான விஏஓக்கள் இரக்கத்தோடுதான் எழுதித் தருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் திட்டத்தின் தகுதி விதி நடைமுறையில் வேலை செய்வது விதியை மீறுவதன் மூலம்தான். இரக்கம் இல்லாத இடத்தில், அல்லது அதற்கு விலை இருக்கும் இடத்தில், நேர்மையாக 'மாசம் பதினஞ்சாயிரம் வருதுங்க' என்று சொன்னவர் மட்டும் மாட்டிக்கொள்கிறார்.

இங்கே இரண்டு முறைகளையும் ஒட்டிவைக்கும் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. 2011 கணக்கெடுப்பு, வீட்டில் ஒருவர் மாதம் 10,000-க்கு மேல் சம்பாதித்தால் அந்த வீட்டை விலக்கியது. தமிழ்நாட்டின் இன்றைய வரம்பான 1,20,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதும் அதே 10,000. முன்னது ஒரு நபருக்கு, பின்னது முழுக் குடும்பத்துக்கு. தாராளமானது என்று பெயர் வாங்கிய மாநிலத் திட்டம், காகிதத்தில், கஞ்சத்தனமானது என்று விமர்சிக்கப்படும் மத்தியப் பட்டியலைவிடக் கறாராக இருக்கிறது. அதைத் தாராளமாக்குவது மேலே சொன்ன ஊரறிந்த ரகசியம்தான்.

தகுதி இல்லாதவர் உள்ளே வருவதைத் தடுப்பதிலாவது இவற்றில் எது கெட்டி? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைப் படித்தால் இரண்டும் ஒழுகுவது தெரியும். ஒன்பதைப் பத்து முறை எழுதினால் வரும் ஒரே கைபேசி எண்ணோடு ஏறத்தாழ 7.49 லட்சம் பயனாளிகள் இணைக்கப்பட்டிருந்தார்கள். பதினொன்று முதல் 201 பேர் வரை உள்ளவையாகப் பதிவான 'குடும்பங்கள்' 43,197. தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களின் மீது 4,761 பதிவுகள். மாநில அரசின் ஓய்வூதியர் பட்டியலோடு ஒப்பிட்டபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓய்வூதியர்கள் ஏழைகளுக்கான இந்தத் திட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய பிரீமியம் மட்டும் 22 கோடி ரூபாய்க்கு மேல். அவர்களுக்கு வேறு அரசுக் காப்பீடு ஏற்கெனவே உண்டு. அரசின் ஒரு கணினியில் இருந்த பெயரை அரசின் மற்றொரு கணினியோடு பொருத்திப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கூலிக்காரரிடம் சான்று கேட்கும் அரசு, தன்னிடம் இருந்த பட்டியலைத் தானே பார்க்கவில்லை.

குடும்பம் என்றால் யார் என்பதிலும் இரண்டும் பிரிகின்றன. மாநில விதிப்படி சட்டப்படியான கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர். குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். கேட்கச் சரியாக இருக்கும் இந்த விதி, கணவரைப் பிரிந்து பிறந்த வீட்டில் இருக்கும் பெண்ணிடம் வரும்போது சிக்கிக்கொள்கிறது. அவர் பெயர் அந்த மனிதரின் அட்டையில் கிடக்கிறது. அதை நீக்கி வேறு அட்டையில் ஏற்ற வேண்டும் என்றால் பழைய அட்டைக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும், அல்லது வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். பட்டியல் முறையில் இதே பெண்ணின் நிலை அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது: 2011-இல் கணக்கெடுப்பாளர் வந்தபோது எந்த வீட்டில் எண்ணப்பட்டார் என்பதைப் பொறுத்து. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காதது மத்தியத் திட்டத்தின் நல்ல முடிவு. ஐந்து பேர் என்ற பழைய விதியில் ஆறாவதாக விடுபடுபவர் பெரும்பாலும் பாட்டியோ கடைசிப் பெண்ணோதான் என்பதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

வெளியூர்க்காரர் விஷயத்தில் மத்தியத் திட்டம் தெளிவாக முந்துகிறது. பட்டியலில் பெயருள்ள பீகார்க்காரர் கோயம்புத்தூரில் சிகிச்சை பெறலாம். திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் கார்டு செல்லும். மேற்கு வங்கம் 2019 தொடக்கத்தில் திட்டத்திலிருந்து விலகியபோது அந்த மாநிலத்துக் கொத்தனாருக்கு இந்த வசதி அறுந்தது. தமிழ்நாடு தன் பங்குக்கு ஒரு வாசலை வைத்திருக்கிறது: ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர், தொழிலாளர் துறையின் சான்றோடு சேரலாம். திரும்பவும் சான்று. தளத்துக்குத் தளம் மாறும் மனிதரிடம் ஆறு மாதத்துக்கான அத்தாட்சி கேட்பது எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரிந்தே கேட்கப்படுகிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு மாநிலத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. மத்தியப் பட்டியலில் அவர்களுக்கு இதுபோல ஒரு வகை இல்லை. மாநிலத் திட்டத்தின் விதிகளிலேயே மிகவும் மனிதத்தன்மையுள்ள வரி இதுதான் என்பேன்.

இனி இரண்டு கதவுகளுக்கும் வெளியே நிற்பவர்கள். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டு மக்களில் 30 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு, எந்தக் காப்பீடும் இல்லை என்றது. பட்டியலில் வருமளவு ஏழைகளும் இல்லை, தனியாரிடம் பிரீமியம் கட்டும் வசதியும் இல்லை. இஎஸ்ஐக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். மாநிலக் காப்பீட்டின் வரம்பு மாதம் 10,000. இவற்றுக்கு நடுவில் சம்பாதித்து, முதலாளி இஎஸ்ஐ கட்டாத கடைப் பையன், டியூஷன் எடுக்கும் பெண், சொந்த ஆட்டோக்காரர் எங்கே போவார்கள்? தமிழ்நாட்டு அரசே இவர்களில் பலரை வேறொரு திட்டத்தில் ஏழை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சம் வரை இருக்கலாம். ஐந்து ஏக்கர் நஞ்சையோ பத்து ஏக்கர் புஞ்சையோ இருந்தாலும் பரவாயில்லை. ஆண்டுக்கு 2 லட்சம் வருமானம் உள்ள ஒரு வீட்டில், அதே அரசின் கண்ணுக்கு, அம்மா மாதம் ஆயிரம் ரூபாய் பெறத் தகுதியான ஏழை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தால் காப்பீட்டுக்குத் தகுதி இல்லாத வசதிக்காரர். இரண்டு விண்ணப்பங்களும் அதே தாலுகாவில்தான் சரிபார்க்கப்படுகின்றன. இதற்கு எந்த விளக்கமும் நான் கேட்டதில்லை.

அரசு மருத்துவமனையில் கார்டு இல்லாமலும் சிகிச்சை உண்டே என்பார்கள். உண்மை, தமிழ்நாட்டின் பெருமையும் அதுதான். ஆனால் கார்டு இருந்தால் அரசு மருத்துவமனைக்கே காப்பீட்டிலிருந்து பணம் வருகிறது. அதனால்தான் அங்கேயும் வார்டில் வந்து "கார்டு எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். கார்டு இல்லாதவர் அரசு மருத்துவமனையில் நடத்தப்படும் விதத்திலும் தகுதி விதி தன் நிழலை விழவிடுகிறது.

விந்தை என்னவென்றால், இரண்டு அரசுகளுமே தங்கள் தகுதி முறையின் மீது நம்பிக்கை இழந்துவருவது அவர்களின் புதிய அறிவிப்புகளிலேயே தெரிகிறது. மத்திய அரசு 2024-இல் ஆஷா பணியாளர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் சேர்த்தது. அவர்கள் குடும்பம் 2011 பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் என்றது. பட்டியலைச் சீர்செய்வதைவிட வயதை மட்டும் கேட்பது எளிது என்று புரிந்துகொண்டதன் விளைவு அது. வயதுக்கு விஏஓ சான்று வேண்டாம், ஆதாரில் இருக்கிறது. தமிழ்நாடு இதை முன்பே ஒரு துறையில் செய்து காட்டியது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் அதற்கான வரம்பு 1 லட்சம் ரூபாய். கார்டு இருக்கிறதா, எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்ற கேள்விகள் இல்லை. அடிபட்டு மயங்கிக் கிடப்பவரிடம் வருமானச் சான்று கேட்க முடியாது என்பது புரிந்த அரசுக்கு, டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமும் அது பொருத்தமற்ற கேள்வி என்பது புரிய ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

பட்டியலா சான்றா என்று ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் சான்றை எடுப்பேன். பொய்க்கு இடம் கொடுக்கிறது, அலையவைத்துக் கூலியைத் தின்கிறது, ஆனாலும் வாழ்க்கை சரிந்த நாளில் போய்த் தட்ட ஒரு கதவாவது இருக்கிறது. பதினைந்து ஆண்டுப் பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு இன்றைய நோயாளியை எடைபோடுவது அதைவிட மோசம். ஆனால் தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. இங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது; ரேஷன் கடையில் யாரும் வருமானம் கேட்பதில்லை. மாநிலத்தில் ஏறத்தாழ 2.2 கோடி குடும்ப அட்டைகள். 2022 கட்டத்தில் காப்பீட்டுக்குள் இருந்தவை 1.37 கோடிக் குடும்பங்கள். அவற்றில் மத்தியப் பட்டியலின் வழியாக நிதிப் பங்கு வருவது 77 லட்சம் குடும்பங்களுக்குச் சற்று மேல். மற்றவர்களுக்கு முழுச் செலவும் மாநிலத்துடையது. அந்தக் கட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். வெளியே இருக்கும் 83 லட்சம் அட்டைகளையும் அதே விலைக்குச் சேர்த்தால் ஆண்டுக்கு 705 கோடி ரூபாய் அளவில் வரும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் சிகிச்சைச் செலவை மாநிலமே நேரடியாக ஏற்பதால் உண்மைத் தொகை கூடும். அரசு ஊழியர்களுக்கும் இஎஸ்ஐ உள்ளவர்களுக்கும் ஏற்கெனவே காப்பீடு இருப்பதால் குறையவும் செய்யும். பெரிய தொகைதான், மலைப்பான தொகை இல்லை. ஒரு சான்றுக்காகக் கொத்தனார் ஒருவர் இழக்கும் ஒரு நாள் கூலியும் 800 ரூபாய் என்பதை நினைவில் வையுங்கள். அவரைச் சேர்க்க ஆகும் செலவும், அவர் சேரத் தகுதியானவரா என்று பார்க்க அவர் தலையில் கட்டும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன.

பணக்காரர்கள் வந்து தின்றுவிடுவார்கள் என்ற பயம் தேவையில்லை. இந்தக் காப்பீடு தருவது பொது வார்டு. தனியறை கேட்பவர் தானாகவே ஒதுங்கிவிடுவார். வேண்டுமானால் வசதி உள்ளவரிடம் பிரீமியத்தை வாங்கிக்கொள்ளலாம். ராஜஸ்தான் 2021-இல் சிரஞ்சீவி திட்டத்தில் மற்ற குடும்பங்களை ஆண்டுக்கு 850 ரூபாய்க்குச் சேர்த்துக்கொண்டது. காப்பீட்டை விரிக்க விரிக்க அரசுப் பணம் தனியார் மருத்துவமனைக்குப் போகும், அரசு மருத்துவமனை இளைக்கும் என்ற எதிர்வாதம்தான் கனமானது. அதற்கு விடை எந்தெந்தச் சிகிச்சையை அரசு மருத்துவமனைக்கென ஒதுக்குவது என்ற முடிவில் இருக்கிறது. ஏழையை வாசலில் நிறுத்தி வைப்பதால் அரசு மருத்துவமனை வலுப்பெறாது.

2022-இல் தொடங்கிய ஐந்தாண்டுக் கட்டத்துக்கு அடுத்ததை வகுக்கும்போது, வருமானச் சான்று என்ற வரியை நீக்கிக் குடும்ப அட்டை என்று எழுதினால் போதும். அதுவரை வாசகர் செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிடுங்கள். மத்தியப் பட்டியலில் உங்கள் வீடு இருக்கிறதா என்பதை 14555 என்ற எண்ணிலும், மாநிலத் திட்டத்தின் விவரங்களை 1800 425 3993 என்ற எண்ணிலும் கட்டணமில்லாமல் கேட்டறியலாம்.